அலுமினியப் படகில் எஞ்சின் பூட்டுவது: வாசகர் கேள்வி – பதில்

சிறிய அலுமினியப் படகுகள் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை எஞ்சினைப் பூட்டுவது பற்றியவை. அவற்றிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொண்டோம். படகின் அமரத்தில், அதாவது பின்முனையில், எஞ்சின் தொங்கும் பலகையைப் ‘பின்பலகை’ என்று எழுதுகிறோம். அலுமினியப் படகிலும் வெளித்தகட்டுக்கு உள்ளே இருப்பது மரப் பலகைதான். கடையில் ‘டிரான்ஸம்’ என்று கேளுங்கள்.

கேள்வி: எங்களுடையது 14 அடி அலுமினியப் படகு. 9.9 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் பூட்டி சிம்கோ ஏரிக்குப் போகிறோம். ஒரு மணி நேரம் ஓடினால் போதும், எஞ்சினைப் பலகையில் கவ்வி வைக்கும் கிளாம்ப் திருகுகள் இரண்டும் தளர்ந்துவிடுகின்றன. பைப் ரெஞ்ச் போட்டு இறுக்கலாமா?
— வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: ரெஞ்ச் போடாதீர்கள். அந்தத் திருகின் கைப்பிடி, கை பலத்துக்கென்று அளந்து செய்யப்பட்டது. ரெஞ்ச் போட்டால் வார்ப்பு அலுமினியத்தில் செய்த கிளாம்பின் காது விரிசல் விடும், அல்லது மரை தேயும். இரண்டும் நடக்கவில்லை என்றால் திருகின் நுனித் தட்டு பலகைக்குள் இன்னும் ஆழமாகப் புதையும். தளர்வதற்குக் காரணமே அந்தப் புதைவுதான்.

புரொப்பெல்லர் படகைத் தள்ளும் இடம் பின்பலகையின் மேல்விளிம்பிலிருந்து ஏறக்குறைய 55 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. ஆகவே எஞ்சின் ஒரு கடப்பாரை போல வேலை செய்கிறது. கிளாம்பின் கீழ் நுனி பலகையை வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே குத்துகிறது. மேலே இருக்கும் திருகுகள் பலகையை உள்ளிருந்து பின்னோக்கித் தள்ளுகின்றன. ஆக்ஸிலேட்டரை முறுக்கும் ஒவ்வொரு தடவையும் திருகின் நுனித் தட்டு மரத்தை நசுக்குகிறது, விட்டதும் மரம் பாதிதான் திரும்பி எழுகிறது. அந்த இடைவெளியும் எஞ்சின் அதிர்வும் சேர்ந்து திருகைச் சுழற்றிக் கழற்றிவிடுகின்றன.

எஞ்சினைக் கழற்றி, பலகையின் உள்முகத்தைப் பாருங்கள். இரண்டு வட்டப் பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியும். ஒரு ரூபாய் நாணயத்தைப் படுக்க வைத்தால் மறைகிற ஆழம் இருந்தால் அங்கே நீண்ட நாளாக மரம் நசுங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். விரல் நகத்தால் பள்ளத்தின் அடியைக் கீறுங்கள். மரம் நாராகப் பிய்ந்து வந்தால் பலகை உளுத்துவிட்டது; அதற்கான பதில் கீழே மிசிசாகா வாசகரின் கேள்வியில் இருக்கிறது. மரம் கெட்டியாக இருந்தால் பள்ளத்தை எபாக்ஸி பட்டியால் நிரப்பிச் சமப்படுத்துங்கள்.

அதன்மேல் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தகடு ஒன்று, 30 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும். இரண்டு திருகுகளும் ஒரே தகட்டின் மேல் உட்கார வேண்டும். கடல்நீருக்கு ஏற்ற 5052 அல்லது 5083 ரகம் கிடைத்தால் நல்லது. தகட்டின் மேல்விளிம்பில் சிறிய மேடு ஒன்று இருந்தால், திருகு கொஞ்சம் தளர்ந்தாலும் நுனித் தட்டு மேலே வழுக்கி வெளியேறாது. சமையலறையில் காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகையை வெட்டி வைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அந்த பிளாஸ்டிக் அழுத்தத்தில் மெதுவாகப் பிதுங்கி நகரும். காலையில் இறுக்கியது மாலையில் தளர்ந்திருக்கும். அதை வைக்காதீர்கள்.

தகடு சேர்த்த பிறகு மொத்தத் தடிமனை அளந்து பாருங்கள். இந்த அளவு எஞ்சினுக்கு 38 முதல் 45 மில்லிமீட்டர் வரை இருந்தால் கிளாம்ப் நன்றாகக் கவ்வும்.

அடுத்தது போல்ட். உங்கள் எஞ்சின் எடை 40 கிலோவை ஒட்டி இருக்கும். அதை வெறும் திருகை நம்பி விடக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. கிளாம்பின் கீழ்ப்பகுதியில் இரண்டு துளைகளோ நீள் பிளவுகளோ இருக்கும். அவை போல்ட் போடத்தான். 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட், 8 மில்லிமீட்டர், இரண்டு எடுங்கள். எஞ்சினைச் சரியாக நடுவில் உட்கார வைத்து, துளை வழியாகவே குறி போடுங்கள். எஞ்சினை எடுத்துவிட்டு முதலில் 3 மில்லிமீட்டர், பிறகு 8.5 மில்லிமீட்டர் டிரில். மரம் தெரியும் துளைச் சுவரில் எபாக்ஸி தடவி ஊற விடுங்கள். போல்ட் தலை வெளியே, நட் உள்ளே. உள்ளே அகலமான வாஷர், அதன்மேல் நைலான் வளையம் உள்ள நட். துளையிலும் தலைக்கு அடியிலும் பாலியூரித்தேன் சீலண்ட், உதாரணமாக சிகாஃப்ளெக்ஸ் 291.

இறுக்குவதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் சீலண்ட் சுற்றிலும் பிதுங்கும் வரை மட்டும் இறுக்குங்கள். ஒரு நாள் விடுங்கள். மறுநாள் வெளியே போல்ட் தலையை ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, உள்ளே நட்டை மட்டும் கால் அல்லது அரைச் சுற்று திருப்புங்கள். தலையைத் திருப்பினால் இறுகிய சீலண்ட் அறுந்துபோகும், தண்ணீர் நேரே மரத்துக்குள் போகும். வாஷர் பலகைக்குள் அமுங்கத் தொடங்கினால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் நட்டும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் வேகமாகச் சுற்றினால் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். மரையில் ஆன்டி-சீஸ் தடவி, கையாலேயே மெதுவாகச் சுற்றுங்கள்.

ஒவ்வொரு பயணத்துக்கும் எஞ்சினைக் கழற்றி எடுத்துப் போகிறவர்களுக்கு போல்ட் ஒத்துவராது. அவர்கள் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்துப் பூட்டும் கம்பிப் பூட்டைப் போடலாம். திருகு தானாகச் சுழலாது, திருட்டுக்கும் தடை. அதோடு பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம். அதை எஞ்சின் கிளாம்பில் அதற்கென்று இருக்கும் கண்ணிலிருந்து, படகில் போல்ட் போட்டுப் பொருத்திய வளையத்துக்குக் கட்டுங்கள். திருகின் கைப்பிடியில் கட்டினால், திருகு கழன்றதும் சங்கிலியும் சேர்ந்து பயனற்றுப் போகும். தொய்வு ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். திருப்பத்தில் எஞ்சின் கழன்றால் சுழலும் புரொப்பெல்லரோடு படகுக்குள் பாயவும் கூடும். எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றை மணிக்கட்டிலோ உயிர்காப்பு அங்கியிலோ மாட்டாமல் கிளம்பாதீர்கள். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த, 3 குதிரைத்திறனோ அதற்கு மேலோ எஞ்சின் உள்ள படகுகளுக்கு இதை 2021 ஏப்ரல் 1 முதல் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள்.

புதிதாகப் பூட்டிய பிறகு முதல் கால் மணி நேரத்தில் ஒரு தடவை கரை ஒதுங்கித் திருகைத் தொட்டுப் பாருங்கள். அதன்பின் ஒவ்வொரு முறை தண்ணீரில் இறக்கும்போதும்.

கேள்வி: கண்ணாடி இழைப் படகில் ஓடிய நீள் தண்டு (லாங் ஷாஃப்ட்) எஞ்சின் ஒன்று இருக்கிறது. இப்போது வாங்கிய அலுமினியப் படகின் பின்பலகை குட்டையாகத் தெரிகிறது. அப்படியே பூட்டலாமா? வாவியில்தான் ஓட்டுவோம்.
— வாசகர், மட்டக்களப்பு

பதில்: முதலில் அளவு எடுங்கள். பின்பலகையின் மேல்விளிம்பு நடுவிலிருந்து, படகின் அடிவிளிம்பு வரை. ஏரா (படகின் அடியில் நடுவே நீளமாக ஓடும் முதுகுக்கட்டை) வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அதைச் சேர்க்காமல், அடித்தகடு வரை மட்டும் அளக்க வேண்டும். 15 அங்குலம் வந்தால் குட்டைத் தண்டு எஞ்சினுக்கான பலகை, 20 அங்குலம் வந்தால் நீள் தண்டுக்கான பலகை.

எஞ்சினில் புரொப்பெல்லருக்கு நேர் மேலே அகலமான தட்டு ஒன்று இருக்கும். எல்லோரும் கேவிட்டேஷன் பிளேட் என்பார்கள். சில எஞ்சின்களில் அதற்கும் மேலே இன்னொரு சிறிய தட்டு தண்ணீர் தெறிப்பைத் தடுக்க இருக்கும், அதை அளவுக்கு எடுக்கக் கூடாது. பெரிய தட்டு படகின் அடியோடு சமமாகவோ, அதிகபட்சம் 25 மில்லிமீட்டர் கீழேயோ இருக்க வேண்டும்.

15 அங்குலப் பலகையில் 20 அங்குலத் தண்டைப் பூட்டினால் அந்தத் தட்டு 5 அங்குலம் கீழே போய்விடும். தண்டு தண்ணீரை உழுது, பின்னால் பெரிய வாலாகத் தெறிக்கும். வேகம் குறையும், எண்ணெய் செலவு கூடும், டில்லர் (எஞ்சினைத் திருப்பும் கைப்பிடி) கனக்கும். வாவியின் ஆழம் குறைந்த இடங்களில் புரொப்பெல்லர் தரையைத் தேய்க்கும்.

பலகையின் மேல் மரக்கட்டையை அடுக்கி உயர்த்துவது மிகவும் ஆபத்து. கிளாம்ப் அந்தக் கட்டையை மட்டும் பிடித்திருக்கும், கட்டையைப் பிடித்திருப்பது நாலு ஆணி. உயர்த்தியே ஆக வேண்டுமென்றால் ஆயத்தமாக விற்கும் உயர்த்திச் சட்டத்தை வாங்கி, குறைந்தது நான்கு 10 மில்லிமீட்டர் போல்ட்டால் பலகையில் ஊடுருவப் பூட்டுங்கள். உள்ளே பலகையிலிருந்து படகின் தரைக்குச் சாய்வாக இறங்கும் முட்டுச்சட்டமும் தேவை, ஏனென்றால் எஞ்சின் உயர உயரக் கடப்பாரை நீள்கிறது. செலவைக் கணக்குப் பார்த்தால் குட்டைத் தண்டு எஞ்சினுக்கு மாற்றிக்கொள்வதே மேல் என்று நினைக்கிறோம்.

தலைகீழ்ச் சிக்கலும் உண்டு. 20 அங்குலப் பலகையில் குட்டைத் தண்டைப் பூட்டினால் புரொப்பெல்லர் மேற்பரப்புக் காற்றை உறிஞ்சும். எஞ்சின் அலறும், படகு நகராது.

கேள்வி: மோர்ட்டன் விரிகுடாவில் ஓட்டும் படகு. போல்ட் தலைகளைச் சுற்றி வெள்ளையாக, பூத்தாற்போல் தூள் வருகிறது; பெயின்ட் கொப்புளம் விடுகிறது. துருவா?
— வாசகர், பிரிஸ்பேன்

பதில்: அது அலுமினியம் கரைகிறதன் அடையாளம். உப்புநீரில் ஸ்டெயின்லெஸ்சும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் அது ஒரு பேட்டரி. அந்த ஜோடியில் கரைவது எப்போதும் அலுமினியம்தான். படகின் தகடு 2 மில்லிமீட்டர் அளவுக்கே இருப்பதால் கவனிக்காமல் விட்டால் துளை பெரிதாகி போல்ட் ஆடத் தொடங்கும்.

போல்ட்டைக் கழற்றி, தூளை நைலான் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், இரும்புத் துகள் தகட்டில் பதிந்து அடுத்த அரிப்பைத் தொடங்கும். போல்ட்டின் உடலுக்கு நைலான் குழல், தலைக்கு அடியில் நைலான் வாஷர், மரையில் உலோகங்களைப் பிரித்து வைக்கும் பூச்சு, டெஃப்-ஜெல் அல்லது டியூராலாக். இரண்டு உலோகமும் தொடாமல் இருப்பதே இதில் முழு வேலை.

முன்பு எந்த சீலண்ட் போட்டீர்கள் என்பதையும் பாருங்கள். வினிகர் வாசம் அடிக்கும் சிலிக்கோன் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும், அது அலுமினியத்துக்குப் பகை. செம்பு கலந்த பாசித்தடுப்பு பெயின்ட்டும் அலுமினியப் படகுக்கு ஆகாது. எஞ்சினுக்குப் பதிலாகத் தான் கரையும் பலி உலோகக் கட்டி, அதாவது ஆனோட், பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள். அதன்மேல் பெயின்ட் அடித்தால் அது வேலை செய்யாது.

கேள்வி: பழைய படகு வாங்கினோம். எஞ்சினை அசைத்தால் பின்பலகையும் சேர்ந்து அசைகிறது. உள்ளே பிளைவுட் உளுத்துவிட்டது என்கிறார்கள். வீட்டில் டெக் போட்டு மிஞ்சிய, பூச்சி அரிக்காத பச்சை நிற மரம் இருக்கிறது. அதை வைக்கலாமா?
— வாசகர், மிசிசாகா, கனடா

பதில்: அந்த மரம் வேண்டவே வேண்டாம். பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் இருக்க அதில் ஏற்றியிருப்பது செம்பு உப்பு. ஈரம் பட்டதும் செம்பு கசிந்து அலுமினியத் தகட்டை உள்ளிருந்து துளைக்கும். வெளியே பெயின்ட் அழகாக இருக்கும், பின்னால் சுரண்டினால் ஊசித் துளைகள். மரத்தைக் காப்பாற்றப் போய்ப் படகையே இழக்கும் வேலை அது.

உளுத்ததா என்று உறுதி செய்யுங்கள். சுத்தியலின் கைப்பிடியால் பலகை முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக்’ என்று கெட்டியாகச் சொல்லும், கெட்ட இடம் மந்தமாக முனகும். உள்பக்கம், தாழ்வான ஓர் இடத்தில் 3 மில்லிமீட்டர் டிரில் போட்டு வரும் துகளைப் பாருங்கள். வெளிர் நிறமாக, உலர்ந்து, சுருளாக வந்தால் சரி. கறுத்து, ஈரமாக, குழைந்து வந்தால் மாற்ற வேண்டியதுதான்.

எஞ்சினை இறக்கி, மூலை மூடிகளையும் மேல் மூடிச் சட்டத்தையும் பிடித்திருக்கும் ரிவெட்டுகளின் தலையை டிரில் செய்து எடுங்கள். பழைய பலகையை நொறுக்காமல் முழுதாக எடுக்கப் பாருங்கள், புதியதற்கு அதுதான் அச்சு. நொறுங்கிவிட்டால் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்த பிறகே மரத்தில் கை வையுங்கள்.

மரைன் பிளைவுட், பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தர முத்திரை உள்ளது. பழைய பலகை 38 மில்லிமீட்டர் என்றால் 18 அல்லது 19 மில்லிமீட்டர் தாள் இரண்டு. நடுவில் எபாக்ஸி பசை பூசி, சுற்றிலும் கிளாம்ப் போட்டு ஓர் இரவு விடுங்கள். பிறகு விளிம்பைத் தேய்த்து உருண்டையாக்குங்கள், கூரிய விளிம்பில் எபாக்ஸி தங்காது. முழுப் பலகைக்கும் எபாக்ஸி மூன்று பூச்சு. அறுத்த விளிம்புகள்தான் தண்ணீரை உறிஞ்சும் வாய்கள். அங்கே முதல் பூச்சு மரத்துக்குள் இழுத்துக்கொள்ளும், மறுபடி மறுபடி கொடுங்கள்.

பலர் இவ்வளவும் செய்துவிட்டுக் கடைசியில் போல்ட்டுக்கு நேராகத் துளை போட்டு, மூன்று பூச்சையும் வீணாக்கிவிடுகிறார்கள். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 14 மில்லிமீட்டர் துளை போடுங்கள். ஒரு பக்கம் டேப் ஒட்டி, கெட்டியாக்கிய எபாக்ஸியால் துளையை நிரப்புங்கள். இறுகிய பிறகு அதன் நடுவே 8.5 மில்லிமீட்டர் துளை. இப்போது போல்ட் தொடுவது எபாக்ஸிக் குழலை, மரத்தை அல்ல. தண்ணீர் கசிந்தாலும் மரத்தை எட்டாது, இறுக்கினாலும் மரம் நசுங்காது.

பலகையை உள்ளே நிறுத்தும் முன் தகட்டின் உள்முகத்தைக் கழுவி உலர்த்தி, ஊசித் துளை இருக்கிறதா என்று இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். பலகையின் அடியில் தண்ணீர் தேங்காமல் வடிய வழி விடுங்கள். தண்ணீருக்குக் கீழே வரும் இடங்களில் மூடிய முனை ரிவெட் மட்டுமே, அதையும் சீலண்டில் தோய்த்து. எல்லாம் முடிந்து எஞ்சினைப் பூட்டியதும், கீழ்த்தண்டைப் பிடித்து நன்றாக ஆட்டுங்கள். எஞ்சினோடு படகு முழுவதும் ஆட வேண்டும். பலகை தனியாக வளையக் கூடாது.

கேள்வி: மீன் வளர்ப்புக் குளத்துக்கு 12 அடி நீளம், தட்டை அடி உள்ள அலுமினியப் படகு வாங்குகிறோம். பின்பலகை அகலம் 4 அடி. எத்தனை குதிரைத்திறன் தாங்கும் என்று தகடு எதுவும் ஒட்டியிருக்கவில்லை.
— வாசகர், மதுரை

பதில்: அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதியில் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. நீளத்தையும் பின்பலகை அகலத்தையும் அடியில் பெருக்குங்கள். விடை 35 வரை என்றால் 3 குதிரைத்திறன், 36–39க்கு 5, 40–42க்கு 7.5, 43–45க்கு 10, 46–52க்கு 15. தட்டை அடியும் கூரிய பக்க விளிம்பும் உள்ள படகுக்கு ஒரு படி குறைக்க வேண்டும். உங்கள் படகு 12 × 4 = 48. அதாவது 15, ஒரு படி குறைத்தால் 10.

இது உச்ச வரம்பு. தீவனம் போடவும் வலை இழுக்கவும் 10 தேவையில்லை, 4 குதிரைத்திறன் போதும். அந்த எஞ்சின் 25 கிலோவை ஒட்டியே இருக்கும். ஓட்டுபவர் பின்னால் உட்காரும்போது அவர் எடையும் எஞ்சின் எடையும் ஒரே முனையில் சேர்கின்றன. எஞ்சின் கனமாகிவிட்டால் அமரம் தாழ்ந்து, திடீரென்று நிறுத்தும்போது பின்னால் துரத்தி வரும் அலை பலகையைத் தாண்டி உள்ளே விழும். எரிபொருள் டாங்கையும் தீவன மூட்டையையும் அணியம் (முன்முனை) பக்கம் தள்ளி வையுங்கள்.

கேள்வி: வேகமெடுத்தால் படகின் மூக்கு வானத்தைப் பார்க்கிறது. எஞ்சின் பூட்டியதில் தவறா?
— வாசகர், சிட்னி

பதில்: பெரும்பாலும் சாய்வு ஊசி தவறான துளையில் இருக்கும். கிளாம்பின் கீழே வரிசையாகத் துளைகளும் குறுக்கே ஒரு கம்பியும் இருக்கும்; அந்தக் கம்பிதான் சாய்வு ஊசி. எஞ்சினை நிறுத்திவிட்டு அந்தக் கம்பியை ஒரு துளை படகுப் பக்கமாக நகர்த்துங்கள். படகு சீராக ஓடும்போது கேவிட்டேஷன் பிளேட் தண்ணீர் மட்டத்துக்கு இணையாக வர வேண்டும். ஒரு துளை மாற்றி ஓட்டிப் பாருங்கள், பிறகு அடுத்தது. மூக்கு குத்தி, திருப்பும்போது டில்லர் கையை இழுத்தால் ஒரு துளை அதிகம் போய்விட்டீர்கள்.

கேள்வி: டிரெய்லரில் எஞ்சினைப் பூட்டியபடியே கொண்டுபோகலாமா?
— வாசகர், மார்க்கம், கனடா

பதில்: கிளாம்ப் எஞ்சின் என்றால் கழற்றி வண்டிக்குள் வைப்பதே நல்லது. தண்ணீரில் படகு முழுவதும் தாங்கப்பட்டிருக்கும். சாலைப் பள்ளத்தில் 40 கிலோவும் பின்பலகையின் மூலை ரிவெட்டுகளில் துள்ளி விழும். பூட்டியே போவதானால் தரைக்கு இடைவெளி இருக்கும் மட்டும் எஞ்சின் நேராக நிற்கட்டும். சாய்த்தே ஆக வேண்டுமென்றால் டிரெய்லர் சட்டத்துக்கும் எஞ்சின் தண்டுக்கும் நடுவே முட்டுக்கோல் கொடுங்கள். எஞ்சினிலேயே இருக்கும் சிறிய சாய்வுப் பூட்டு சாலை அதிர்வுக்குச் செய்ததல்ல. கழற்றிய நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினைப் படுக்க வைக்கும்போது கையேடு சொல்லும் பக்கமாக மட்டும் படுக்க வையுங்கள். மறுபக்கம் சாய்ந்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கும். அடுத்த நாள் காலையில் கயிறு இழுக்க வராது.